ஆள் தங்குவதில்லை

முப்பத்தொரு வருடம் பிறருடைய கட்டடங்களுக்குப் படம் வரைந்தவன் நான். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எந்தப் படி எத்தனை அங்குலம் என்றெல்லாம் கோடு போட்டுக் கொடுத்தேன். ஆனால் ஒரு பலகையை இன்னொரு பலகையோடு என் கையால் பொருத்தியதில்லை. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் தந்த சுவர்க்கடிகாரத்தை மாட்டுவதற்கே பக்கத்து வீட்டு வளவில் வேலை செய்துகொண்டிருந்த மேசனைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவன் இரண்டு அடியில் ஆணியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பின்வளவுக் கொட்டிலை மரவேலை செய்யும் கூடமாக்குவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. கொட்டில் பத்தடிக்கு எட்டடி. முன்பு விறகும் பொச்சுமட்டையும் அடுக்கிய இடம். அஸ்பெஸ்டஸ் கூரை, சிமெந்துத் தரை, தெற்குப் பக்கம் ஒரு யன்னல். அதை அளந்து, காலங்குலத்துக்கு ஓரடி என்ற கணக்கில் படம் கீறினேன். வேலை மேசை எங்கே, உளிகள் தொங்கும் பலகை எங்கே, ட்யூப் லைட் எங்கே என்று குறித்தேன். வாங்கிய மூன்றாம் நாளே கடற்காற்றில் உளி துருப்பிடித்தது. பத்மாவதியின் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றையும் துடைத்துப் பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்தேன். பத்மாவதி என் மனைவி. எண்ணெய்க்காக அவள் சண்டை பிடித்ததை இங்கே எழுதத் தேவையில்லை.

அந்தக் கொட்டிலின் மேல் கண் வைத்தவன் நான் மட்டுமல்ல. வெள்ளவத்தையில் கூரை உள்ள எந்த இடத்தையும் வடக்கிலிருந்து வரும் உறவுகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். விசாவுக்கு ஒருவர், கல்யாணத்துக்கு ஒருவர், ஆஸ்பத்திரிக்கு ஒருவர். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பார்கள் என்பது பழமொழி. எங்கள் ஆட்கள் பாயையும் கையோடு கொண்டே வந்து இறங்குவார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லக்கூடாது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எரிச்சலுக்குக் காரணமும் இருந்தது. முந்தின வருடம் எங்கள் வீட்டில் இருந்த ஒரு வாடகைப் பெடியனின் சிநேகிதன் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போயிருக்கிறான். யுத்த காலத்தில் தமிழர் வீட்டில் யார் தங்கினாலும் பொலிசில் பதிய வேண்டும்; அவனைப் பதியவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. சோதனைக்கு வந்தவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை ஒரு வாங்குப் பலகையில் இருத்தி வைத்தார்கள். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் இருத்தி வைத்தார்கள். சிறுநீர் கழிக்கப் போவதற்குக்கூட என் பிள்ளை வயதுள்ள ஒருவனிடம் அனுமதி கேட்டேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? இனி இந்த வீட்டில் வெளியாள் ஒருவரும் தங்குவதில்லை என்று வந்தவுடனே பத்மாவதியிடம் சொன்னேன்.

சொன்னதோடு விடவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்கும் படிவத்தை இரண்டாயிரத்து ஏழு தொடக்கத்தில் புதுப்பித்தபோது, ஒருவரும் கேட்காமலே கீழே ஒரு வரி சேர்த்தேன். 'பின்வளவுக் கொட்டில் வேலைக்கூடம். அதில் ஆள் தங்குவதில்லை.' சிங்களத்தில் நானே எழுதினேன். அதைப் படியெடுத்துக் கொட்டில் கதவின் உட்பக்கம் ஊசி குத்தி வைத்தேன். இடம் கேட்டு வருபவர்களிடம், "நான் என்ன செய்ய, பொலிசிலை இப்பிடிப் பதிஞ்சு கிடக்கு" என்று காட்டலாம். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

சித்திரைக் கடைசியில் இராஜநாயகம் வந்தார்.

அவர் பத்மாவதியின் சின்னம்மாவின் மகன். வயது நாற்பத்தொன்பது, வடக்கே வவுனியாவில் ஒரு கூட்டுறவுக் கடைக்கு மனேஜர். சீனி வருத்தம். இடது காலில் ஒரு விரலை அங்கேயே எடுத்துவிட்டார்கள். இப்போது உள்ளங்காலில் ஒரு புண், ஆறவில்லை. களுபோவில ஆஸ்பத்திரி டொக்டர்கள் பார்த்துவிட்டு, காலுக்கு இரத்தம் போகிற குழாய் அடைத்துவிட்டது, அதற்கு ஒப்பரேஷன் செய்தால் கால் தப்பும், பிந்தினால் காலை எடுக்க வேண்டி வரும் என்று சொன்னார்கள். யூன் பத்தொன்பதாந் திகதி, செவ்வாய்க்கிழமை என்று நாளும் குறித்தார்கள். அதுவரை ஒவ்வொரு கிழமையும் கிளினிக். ஆகவே அவர் ஏழு கிழமை, ஏறக்குறைய ஐம்பது நாள், கொழும்பில் நிற்க வேண்டும். காலி வீதியில் ஒரு லொட்ஜில் மூன்றாம் மாடியில், நாலு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில் எடுத்திருந்தார். கக்கூஸ் இரண்டாம் மாடியில்.

"இஞ்சேருங்கோ," என்றாள் பத்மாவதி. "அந்தக் காலோடை தம்பி ஒரு நாளைக்கு எத்தினை தரம் படி ஏறி இறங்குறான் தெரியுமே? கொட்டிலைக் கூட்டித் துடைச்சா அவன் படுப்பான். ஏழு கிழமைதானே."

வீட்டுக்குள் இடமில்லை என்பது உண்மைதான். இரண்டு அறைகளில் ஒன்றில் எங்கள் மகள் அருந்ததி கைக்குழந்தையோடு இருந்தாள். குழந்தைக்கு இருபது நாள்.

"பொலிசுக்கு எழுதிக் குடுத்தாச்சு," என்றேன். "இனி அதை மாத்த ஏலாது."

"ஏலாதோ, மனமில்லையோ?"

"ஏலாது எண்டு சொல்லுறன். திரும்பவும் அந்த வாங்கிலை போய் இருக்கச் சொல்லுறியோ?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பத்மாவதி இரண்டாம் முறை கேட்பவள் அல்ல.

இராஜநாயகம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கிளினிக் இல்லாத நாட்களில் காலை பத்து மணிபோல் மெல்ல மெல்ல நடந்து எங்கள் வீட்டுக்கு வருவார். லொட்ஜில் பகலில் வேக்காடு தாங்க முடியாது. குழந்தையைப் பார்ப்பார், பத்மாவதி கொடுக்கும் தேத்தண்ணியைக் குடிப்பார், பிறகு பின்வளவுக்கு வந்து கொட்டில் வாசலில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருப்பார். இடது காலைப் பெயின்ற் வாளி ஒன்றின் மேல் தூக்கி வைத்துக்கொள்வார்.

"என்ன அத்தான் செய்யிறியள்? நானும் ஒரு கை பிடிக்கிறன்."

அவருக்கும் மரவேலை தெரியாது, எனக்கும் தெரியாது. குருடனுக்குக் குருடன் வழிகாட்டின கதை. தெமட்டகொடையில் உடைத்த வீடுகளின் சாமான் விற்கும் ஒருவனிடம் பழைய தேக்கங்கதவு ஒன்று வாங்கியிருந்தேன். ஆறரை அடி நீளம். அதுதான் என் வேலை மேசைக்கு மேற்பலகை. அதிலிருந்த பழைய பச்சைப் பெயின்றைச் சுரண்டியெடுக்கவே எங்கள் இருவருக்கும் எட்டு நாள் பிடித்தது. கால்களை வெட்டினோம். நாலும் நாலு உயரம். ஒன்றைச் சரிப்படுத்த மற்றதை வெட்டி, அதைச் சரிப்படுத்த இதை வெட்டி, கடைசியில் மேசை முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும் போலிருந்தது. இராஜநாயகம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அத்தான், இப்பிடியே போனா இதிலை இருந்து சாப்பிடத்தான் சரிவரும்" என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், அலுவலகத்தை விட்ட பிறகு நான் ஒருவரோடு சேர்ந்து சிரித்தது அந்தக் கொட்டிலுக்குள்தான்.

உளிகளைத் தொங்கவிடும் பலகையை அவர்தான் செய்தார். ஒவ்வோர் உளியையும் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு கீறினார், எது எங்கே போக வேண்டும் என்று தெரிவதற்கு. அவர் கடையிலும் தராசுப் படிகளுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறாராம். ட்யூப் லைட் பூட்டிய அன்று ஏணியை அவர்தான் பெட்டியில் இருந்தபடியே பிடித்தார். கூடத்தில் வெளிச்சம் வந்தபோது, "நல்ல வடிவான இடம் அத்தான்" என்று சொன்னார். அவர் அண்ணாந்து பார்த்தது லைட்டை. நான் பார்த்தது கதவில் குத்தியிருந்த கடதாசியை. அவரும் அதை எப்போதோ வாசித்திருப்பார். சிங்களம் நன்றாகத் தெரிந்தவர்.

பின்னேரம் ஐந்து மணிக்கு, சோதனைச் சாவடிகளில் ஆட்கள் கூடமுன்னம் அவர் போக வேண்டும். குழாயடியில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, "அப்ப நான் வெளிக்கிடப் போறன், அத்தான்" என்பார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிற்பார்.

எங்கள் ஆட்களிடம் அது வெறும் தகவல் அல்ல. ஒருவன் வெளிக்கிடப் போகிறேன் என்றால், வீட்டுக்காரன் "ஏன் அவசரம், நிண்டிட்டுப் போமன்" என்று மறிக்க வேண்டும். மறித்தால்தான் நிற்கலாம். மறிக்காத வீட்டில் வாய்விட்டு இடம் கேட்பது எங்களுக்கு மானக்கேடு. இது எனக்குத் தெரியாதா? கர்ப்பத்திலிருந்தே தெரியும். சில நேரம் அவர் அதை இரண்டு தரம் சொல்வார். "அப்ப வெளிக்கிடுறன்." நான் உளியைத் துடைத்தபடி, "ஓம், கவனமாப் போம்" என்பேன். ஐந்து கிழமை, அவர் வந்த ஒவ்வொரு பின்னேரமும் இதையே சொன்னேன். குசினி யன்னலில் பத்மாவதி நிற்பாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

யூன் ஆறாந் திகதி, புதன்கிழமை, மேசை முடிந்தது. நாலு காலும் ஆடாமல் நின்றது. பலகையை இறுக்கிப் பிடிக்கும் வைஸைப் பூட்டினோம். அன்றைக்கு அவருடைய முகம் வாடியிருந்தது. புண்ணிலிருந்து நீர் வடிகிறது, முதல் நாள் படியில் ஒருமுறை தடுக்கிவிட்டது என்று பத்மாவதியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. மேசையின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு வழக்கம்போல் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அப்ப நான் வெளிக்கிடப் போறன், அத்தான்."

அன்றைக்கு எனக்கு அந்தச் சொல் வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது. ஒப்பரேஷனுக்கு இன்னும் பதின்மூன்று நாள். நாளைக்குப் பொலிசுக்குப் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம், வீணாக இன்றைக்கே வாயைக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் அளந்து கீறிப் பழகினவனுக்கு வாய்ச்சொல்லையும் அளந்துதான் விட வரும். "ஓம், கவனமாப் போம்" என்றேன். மழை தூறியது. என் குடையைக் கொடுத்தேன். அதை ஒரு பெரிய உபகாரம் போலக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒழுங்கை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. லொட்ஜ்களில் இருந்த வடக்குக் கிழக்கு ஆட்களை விடியமுன் பொலிசார் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். காரணமில்லாமல் கொழும்பில் நிற்கிறார்களாம். பத்மாவதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

லொட்ஜின் மனேஜர் பௌஸி கீழே தனியாக நின்றார். படிகளில் ஒரு செருப்பு, ஒரு தலையணை உறை, யாரோ விட்டுப்போன பால்மாப் பெட்டி எல்லாம் கிடந்தன.

"எல்லாரையும் ஏத்திட்டுப் போய்ட்டாங்க சேர்," என்றார். "அரை மணித்தியாலம் டைம் குடுத்தாங்க, சாமானக் கட்டச் சொல்லி."

"இராஜநாயகம்? அவர் கிளினிக் துண்டைக் காட்டேல்லையோ? ஒப்பரேஷன் திகதி அதிலை இருக்கே."

"காட்டினாரு சேர். அந்தப் பொலிஸ் மாத்தயா வாசிச்சும் பாத்தாரு. பொறகு கேட்டாரு, கொழும்புல ஒங்களப் பொறுப்பெடுக்க ஆளிருக்கா, வந்து கையெழுத்து வெச்சா விடுறேன்னு. பக்கத்து ரூம் பொம்புளக்கி அவங்க மாமா வந்து கையெழுத்து வெச்சுக் கூட்டிட்டுப் போனாரு. மெய்யாவே விட்டாங்க."

"அப்ப அவர் என்ன சொன்னவர்?"

"நான் சொன்னேன் சேர். ஒங்க அத்தான் வீடு இந்தா கிட்டத்தானே, நான் ஓடிப் போய்க் கூட்டிட்டு வாறேன்னு. அவரு வேணாம்னுட்டாரு. அங்க எடமில்ல, என்னால அவங்களுக்குப் பொலிஸ் கரச்சல் வரக்கூடாதுன்னு சொல்லிட்டு, பேக்கத் தூக்கிட்டு எறங்கிட்டாரு." பௌஸி என் முகத்தைப் பார்த்தார். குத்திக் கேட்கும் மனிதர் அல்ல அவர். உள்ளபடி அறியத்தான் கேட்டார். "மெய்யாவே எடமில்லயா சேர்?"

நான் திரும்பி நடந்தேன். லொட்ஜிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆறு நிமிடம். அழுதுகொண்டே நடந்தேன். காலி வீதியில் பட்டப்பகலில் ஒரு கிழவன் அழுதுகொண்டு போவதை அன்றைக்கு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேறு எவ்வளவோ இருந்தது.

பத்மாவதியிடம், "ஏத்திக்கொண்டு போட்டினம்" என்று மட்டும் சொன்னேன். பௌஸி சொன்ன மற்றதைச் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

மறுநாள் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. அனுப்பியவர்களில் சிலரைத் திருப்பிக் கொண்டுவரப் போகிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். கேட்டவுடனே நான் பொலிசுக்குப் போனேன். போன வருடத்து வாங்கு அதே இடத்தில் கிடந்தது. படிவங்களைப் பார்க்கும் மேசையில் ஓர் இளம் உத்தியோகத்தர் இருந்தார். பின்வளவுக் கொட்டிலில் இனி ஒருவர் தங்குவார், நோயாளி, மனைவியின் தம்பி, அந்த வரியை மாற்ற வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கோவையை எடுத்தார், என் வரியைக் குறுக்கே வெட்டினார், 'அறை' என்று எழுதினார், கையெழுத்து வைத்தார். ஆள் வந்தவுடனே அடையாள அட்டையோடு கூட்டி வாருங்கள் என்றார். இரண்டு நிமிடமும் ஆகவில்லை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"வேறென்ன?" என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி வவுனியாவிலிருந்து தொலைபேசியில் பேசினாள். நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டபடி பஸ்சில் இருந்ததில் புண் உடைந்துவிட்டதாம். காய்ச்சல். அங்கே ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருக்கிறார்கள். நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "அவர் எழும்பட்டும் அண்ணை. காய்ச்சல் விட்டவுடனை வெளிக்கிடுவார். பத்தொன்பதுக்கு முதல் எப்பிடியும் வந்திடுவார்" என்றாள்.

அன்று பின்னேரமே நான் கொட்டிலுக்குள் போனேன். வைஸைக் கழற்றினேன். உளிகளை ஒரு பெட்டிக்குள் போட்டேன். உளிப் பலகையை இறக்கி அந்த இடத்தில் சட்டை கொழுவக் கொழுக்கிகள் அடித்தேன். ஆணி எல்லாம் நேராகவே இறங்கியது. மேசையின் மேல் மெத்தை விரித்தேன். கால்களை வெட்டி வெட்டிக் குட்டையாகிப் போன அந்த உயரம் ஏறி இறங்க அவருக்கு வசதி. யன்னலுக்குக் கொசு வலை அடித்தேன். ஒரு மேசை விசிறி வாங்கினேன். கொட்டில் வாசலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் அவர் பிடித்து நடக்கச் சுவரோடு ஒரு மரக் கைபிடி பூட்டினேன். முழுதாக என் கையால் செய்து முடித்த முதல் வேலை அதுதான். பத்மாவதி துவைத்த படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். கதவிலிருந்த கடதாசியைக் கிழித்தவளும் அவள்தான்.

பதினெட்டாந் திகதி, திங்கட்கிழமை, மத்தியானம் தொலைபேசி அடித்தது. இராஜநாயகத்தின் குரல். யாருடையதோ கைபேசி.

"எப்பிடி இருக்கிறியள் அத்தான்? பிள்ளை சுகமே?"

"தம்பி, நீர் எங்கை நிக்கிறீர்? பஸ்சிலையோ? இஞ்சை எல்லாம் ஆயத்தம். கொட்டில் உமக்குத்தான். பொலிசிலையும் மாத்தி எழுதிட்டன். நேரை வீட்டுக்கு வாரும், லொட்ஜுக்குப் போகாதையும்." ஐந்து கிழமை சொல்லாததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன்.

பின்னால் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி ஒன்றின் சத்தம் கேட்டது.

"காலை எடுத்திட்டினம், அத்தான், சனிக்கிழமை. முழங்காலுக்குக் கீழை. விஷம் ஏறிட்டுதாம், வேறை வழியில்லையாம்." குரலில் குறை ஒன்றுமில்லை. குறை இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "களுபோவிலைக்கு ஒருக்கா அறிவிச்சு விடுங்கோ. அந்த நாளை வேறை ஆருக்காவது குடுக்கட்டும்."

"காலில்லாட்டிலும் பரவாயில்லை, வாரும். வந்து எங்களோடை நில்லும்."

"இனி அங்கை எனக்கு என்ன அலுவல், அத்தான்?" என்றார் இராஜநாயகம்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். பத்மாவதி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"எப்ப வாறானாம்?"

வரமாட்டார் என்று சொன்னேன். கால் போனதைச் சொன்னேன். பௌஸி சொன்னதையும், பதினொரு நாளாக நான் மறைத்ததையும், ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். ஒரு கையெழுத்துக்கு ஆள் கேட்டார்கள், எங்களுக்குக் கரச்சல் வரக்கூடாது என்று அவர் என் பெயரைச் சொல்லாமல் பஸ்சில் ஏறிவிட்டார் என்று சொன்னேன். அந்தக் கால் என்னால்தான் போனது என்றும் சொன்னேன்.

முப்பத்தாறு வருடம் நான் எதற்கு மனம் நொந்தாலும், "அப்பிடிச் சொல்லாதையுங்கோ" என்று உடனே மறிப்பவள் அவள். அன்றைக்கு அவள் மறிக்கவில்லை.